ஊழிவெள்ளம் – 7: ஓடத்தில் ஏறியவை

பெருவெள்ளக் கதைகளை ஒப்பிட்டு எழுதியோர் பெரும்பாலும் அவற்றுள் காணும் ஒற்றுமைகளையே எண்ணிக் கணக்கிட்டு வந்துள்ளனர். முன்கூட்டியே வரும் எச்சரிக்கை, ஓடம், அதில் ஏறும் உயிரினங்கள், நீர் வடிந்ததா என்று அறியப் பறக்கவிடும் பறவை, மலைமுகடு, கரையேறியதும் எழும் வேள்விப் புகை எனப் பட்டியல் நீள நீள, இத்தனை மக்களும் ஒன்றையே சொல்வதால் உலகம் முழுவதையும் மூழ்கடித்த ஒரே வெள்ளம் நிகழ்ந்தே இருக்கவேண்டும் என்ற முடிவு தானாகவே வந்து அமர்ந்துகொண்டது. பல கண்டங்களின் வெள்ளக் கதைகளைத் திரட்டி 1918இல் வெளியிட்ட ஜேம்ஸ் ஃபிரேசரே அம்முடிவை ஏற்கவில்லை. ஆற்றோரம் வாழ்ந்தோர் அனைவரும் வெள்ளத்தை அறிவர். ஆதலால் அவர்தம் கதைகளில் வெள்ளம் இருப்பதில் வியப்பில்லை. அது ஏன் அனுப்பப்பட்டது, ஓடத்தில் எது ஏற்றப்பட்டது, நீர் வடிந்தபின் உலகம் எந்த உடன்பாட்டின்மேல் மீண்டும் தொடங்கியது என்று கேட்கும்போதே ஒவ்வொரு சமுதாயமும் தன் கவலையைத் தன் குரலில் சொல்லத் தொடங்குகிறது. நினிவே நூலகத்தின் களிமண் பலகைகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த வரலாறு சென்ற பகுதியில் கூறப்பட்டது. அப்பலகைகளும் அவற்றுக்கு முந்தியவையும் சொல்லும் கதை, கைமாறிய இடங்களிலெல்லாம் எப்படி உருமாறிற்று என்பதே இப்பகுதியின் பொருள்.

இவ்வகைக் கதைகளுள் ஓரளவு முழுமையாகக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையது அத்ரஹாசிஸ் என்பவனைத் தலைவனாகக் கொண்ட பாபிலோனியப் பாட்டு ஆகும். ஈரக் களிமண்ணில் நாணற்கோலின் முனையை அழுத்திப் பதிக்கும் ஆப்பெழுத்தில், கி.மு. 17ஆம் நூற்றாண்டில், அம்மி-சதுகா என்னும் அரசனின் காலத்தில் எழுத்தர் ஒருவர் இதனை மூன்று பலகைகளில் படியெடுத்து, வரிகள் மொத்தம் 1,245 என்றும் பொறுப்பாகக் குறித்துவைத்தார். இப்பாட்டின்படி தொடக்கத்தில் மனிதர் இல்லை. சிறு தெய்வங்களே கால்வாய் வெட்டி மண் சுமந்து வந்தன. வேலையின் சுமை பொறாமல் ஒருநாள் அவை தம் கருவிகளைத் தீயிலிட்டு, தலைமைத் தெய்வமாகிய என்லிலின் மாளிகை வாயிலை முற்றுகையிட்டன. வேலைநிறுத்தம் பற்றி எழுத்தில் உள்ள மிகப் பழைய கற்பனைகளுள் இதுவும் ஒன்றாகலாம். அதற்குத் தீர்வாக ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் குருதியையும் சதையையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைப் படைத்து, மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தனர். ஆயிரத்து இருநூறு ஆண்டு நிறைவதற்குள் மனிதர் பெருகினர். அவர்கள் எழுப்பிய இரைச்சலில் என்லிலுக்கு உறக்கம் கெட்டது. கொள்ளைநோயும், பின்னர் வறட்சியும் பஞ்சமும் ஏவப்பட்டன. ஒவ்வொரு முறையும் அறிவின் தெய்வமாகிய என்கி மறைவாகத் தந்த யோசனையால் மனிதர் தப்பிவிட, இறுதியில் வெள்ளம் ஏவப்பட்டது.

இங்கே வெள்ளத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது பாவம் அன்று, இரைச்சல் என்பதைக் கவனிக்கவேண்டும். அவ்விரைச்சலைக் கலகமென்றும் குற்றமென்றும் விளக்க முயன்ற ஆய்வாளரும் உளர். ஆயினும் நீர் வடிந்தபின் தெய்வங்கள் செய்துகொண்ட உடன்பாட்டைப் பார்த்தால் அவ்விளக்கம் நிற்கவில்லை. பெண்களுள் சிலர் மலடாக இருக்கவேண்டும், பிறந்த குழவியைத் தாயின் மடியிலிருந்து பறிக்கும் பேய் ஒன்று இருக்கவேண்டும், பூசைப்பெண்டிருள் சில வகுப்பார் பிள்ளை பெறலாகாது என்பனவே அவ்வுடன்பாட்டின் விதிகள். மதில் சூழ்ந்த நகரங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சமுதாயம், மக்கள்தொகை ஏன் அளவுக்குள் நிற்கிறது, குழந்தைகள் ஏன் சாகின்றன என்ற கேள்விகளுக்குச் சொல்லிக்கொண்ட விடை இது. வெள்ளம் அவ்விடைக்கு முன்னுரை மட்டுமே. மனிதரை அழித்தபின் படையலிடுவார் இன்றித் தெய்வங்கள் பசியால் வாடியதையும் இப்பாட்டு மறைக்காமல் சொல்கிறது.

இக்கவலை வெள்ளத்தின் உருவை எடுத்ததற்கு அந்நாட்டு ஆறுகளும் காரணம். டைகிரிசும் யூப்ரடீசும் வடக்கு மலைகளின் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் பெருக்கெடுப்பவை. வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும் காலமும் அதுவே. நைலோ கோடையின் இறுதியில், வயல் வெறுமையாகக் கிடக்கும்போது ஏறி, வண்டலை விட்டுவிட்டு விதைப்புக்கு முன் இறங்கிவிடும். எகிப்தில் வெள்ளம் வராத ஆண்டே பஞ்ச ஆண்டு. அதனால் அங்கே மனிதகுலத்தை வெள்ளம் அழித்த கதை வேரூன்றவில்லை. மனிதரை அழிக்கப் புறப்பட்ட பெண் தெய்வத்தைத் தடுக்க, ஏழாயிரம் சாடி பீரைச் செம்மண் கலந்து குருதி நிறமாக்கி வயல்களில் வெள்ளமாகப் பாய்ச்ச, அவள் அதைக் குருதியென்று குடித்து மயங்கியதால் மனிதர் பிழைத்தனர் என்ற கதை அந்நாட்டு அரசர் கல்லறைச் சுவர்களில் உள்ளது. நைலின் மக்களுக்கு அழிவுக் கதையிலுங்கூட வயலில் பரவும் வெள்ளம் காப்பாற்றவே வந்தது.

சுமேரிய அரசர் பட்டியல் வெள்ளத்தை ஓர் ஆண்டுக்கணக்கின் எல்லைக்கல்லாகப் பயன்படுத்துகிறது. அதன் பெயர்பெற்ற படி ஒன்று, வெள்ளத்துக்கு முன் ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் 2,41,200 ஆண்டு ஆண்டனர் என்று கணக்குச் சொல்லி, வெள்ளம் அடித்துச் சென்றபின் அரசுரிமை கிஷ் நகரில் மீண்டும் இறங்கியது என்கிறது. இவற்றை நம்பி மண்ணைத் தோண்டியவர்களுக்கு வெள்ளப் படிவுகள் கிடைக்கவும் செய்தன. 1929இல் ஊர் என்னும் பழம்பதியில் லெனார்டு வூலி ஏறத்தாழ 11 அடி கனமுள்ள தூய வண்டல் அடுக்கைக் கண்டு, ஊழிவெள்ளமே அகப்பட்டதென்று அறிவித்தார். ஆனால் அதற்கு அருகிலுள்ள எரிதுவில் அத்தகைய அடுக்கு இல்லை. கிஷ், சுருப்பக் ஆகிய இடங்களில் கிடைத்த அடுக்குகளோ வெவ்வேறு காலத்தவை. கதைத்தலைவனின் ஊராகச் சொல்லப்படும் சுருப்பக்கில் உள்ள அடுக்கு கி.மு. 2900ஐ ஒட்டியது என்பதால், சுமேரியர் நினைவில் நின்ற வெள்ளம் அதுவே என்று கருதுவோர் உளர். ஒரு நாட்டில் பல வெள்ளங்கள் வந்தன என்பதற்கு மேல் அகழ்வாய்வு எதையும் மெய்ப்பிக்கவில்லை.

அத்ரஹாசிஸின் கதை கில்கமேஷ் காப்பியத்தின் பதினோராம் பலகையில் மறுபடி சொல்லப்படும்போது அதன் நோக்கம் மாறிவிடுகிறது. உயிர்த்தோழனை இழந்து சாவுக்கு அஞ்சி அலையும் அரசன் கில்கமேஷ், சாவாதவன் எனப்படும் உத்னபிஷ்டிமைத் தேடிச்சென்று அவ்வரத்தைப் பெற்ற வழியைக் கேட்க, அவன் விடையாகத் தன் வெள்ளக் கதையைச் சொல்கிறான். எங்கோ ஒருமுறை, தெய்வங்களுக்குள் நேர்ந்த பூசலின் விளைவாக, ஒருவனுக்கும் அவன் மனைவிக்கும் கிடைத்த வரம் இனி எவருக்கும் கிடையாது என்பதே அதன் உட்பொருள். மக்கள்தொகை பற்றிய பேச்சு இங்கே அறவே இல்லை. ஓடம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 120 முழமாக, ஏழு தட்டுகளோடு கனசதுரமாக அமைகிறது. பொன்னும் வெள்ளியும் சுற்றத்தாரும் விலங்குகளும் மட்டுமன்றி, எல்லாத் தொழில்களுக்கும் உரிய கைவினைஞரும் அதில் ஏற்றப்படுகின்றனர். நகர நாகரிகம் எதை இழக்கக் கூடாது என்று அஞ்சியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் ஓடத்தைக் கட்ட உதவிய ஊரார் ஏறவில்லை. அவர்கள் கேட்டால், வானத்திலிருந்து வளம் பொழியப் போகிறது என்று இருபொருள்படச் சொல்லுமாறு ஏயா, அதாவது என்கியின் அக்காதியப் பெயர் கொண்ட அதே தெய்வம், கற்றுக்கொடுத்திருந்தது. கதவைக் கீலிட்டு அடைத்த புசுர்-என்லில் என்ற ஓடக்காரனுக்குக் கூலியாக உத்னபிஷ்டிம் தன் அரண்மனையை உடைமைகளோடு எழுதிக்கொடுத்தான். சில நாழிகையில் மூழ்கப்போகும் அரண்மனை அது. காப்பியத்தை இயற்றியவர் இதைச் சொல்லிவிட்டு ஒரு சொல்லும் கூட்டாமல் கடந்துபோகிறார்.

ஓடத்தின் உருவம் எப்போதும் கனசதுரமாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆப்பெழுத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் 2014இல் விளக்கி வெளியிட்ட 60 வரிப் பலகை ஒன்று, அதனை வட்ட வடிவில், பனைநார்க் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பின்னி நிலக்கீல் பூசிய பெரும் பரிசலாக வருணிக்கிறது. ஈராக்கின் ஆறுகளில் அண்மைக்காலம் வரை ஓடிய பரிசல்கள் ஒகேனக்கல்லில் இன்றும் ஓடுவனவற்றுக்கு உருவத்தில் உறவானவை. அப்பலகையின் அளவுப்படி அதன் அடித்தளப் பரப்பு ஓர் 'இக்கு', அதாவது ஏறத்தாழ 3,600 சதுர மீட்டர்; பலகை தரும் முறையில் ஒரு சிறு மாதிரி கேரளத்தில் கட்டி நீரில் மிதக்கவிடப்பட்டது. உத்னபிஷ்டிமின் கனசதுரத்துக்கும் தளப்பரப்பு அதே ஓர் இக்கு, 14,400 சதுர முழம். விவிலியம் நோவாவுக்குக் கூறும் பேழையோ 300 முழ நீளமும் 50 முழ அகலமும் உடையது. பெருக்கினால் 15,000 வருகிறது. உருவம் மாறிமாறி வந்தும் பரப்பு ஏறக்குறைய மாறாமல் நிற்பது, கதை வாய்வழியே மட்டும் பரவாமல் கணக்கறிந்த எழுத்தர் கைகளின் வழியேயும் பயணம் செய்தது என்று எண்ண இடமளிக்கிறது. அப்பயணத்துக்கு வழியும் இருந்தது. ஆப்பெழுத்துக் கல்வி கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிலேயே மத்தியதரைக் கடற்கரை வரை பரவியிருந்தது, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்தபோது யூதக் குடிகள் பாபிலோனுக்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

கத்தோலிக்கர் தொடக்க நூல் என்றும் சீர்திருத்தச் சபையார் ஆதியாகமம் என்றும் வழங்கும் விவிலியத்தின் முதல் நூலில் இக்கதை பெற்ற மாற்றமே அனைத்திலும் ஆழமானது. அங்கே உள்ளது இரண்டு பழங்கதைகளின் பின்னல் என்பதை அறிஞர் 18ஆம் நூற்றாண்டு முதல் பிரித்துக் காட்டிவந்துள்ளனர். 1753இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்ட்ரூக், கடவுளைக் குறிக்கும் பெயர்கள் மாறிவருவதைக் கொண்டு அவ்வழியைத் திறந்தார். ஓர் இழை மழை நாற்பது நாள் பெய்தது என்றும், தூய விலங்குகளில் ஏழேழும் மற்றவற்றில் ஒவ்வோர் இணையும் ஏறின என்றும் சொல்ல, மற்றோர் இழை ஆழ்நீரின் ஊற்றுகள் உடைந்து 150 நாள் வெள்ளம் நின்றது என்றும், எல்லாவற்றிலும் ஒவ்வோர் இணையே ஏறிற்று என்றும் சொல்கிறது. முரணை மறைக்கத் தொகுத்தவர் முயலவில்லை. இரண்டும் அவருக்குப் புனிதமானவை.

பல தெய்வங்களுக்குள் நடந்த பூசல் ஒரே கடவுளின் உள்ளத்துக்குள் நடக்கும் போராட்டமாக இங்கே ஒடுங்கிவிடுகிறது. அழிக்க முடிவெடுப்பவரும் காப்பாற்ற வழி சொல்பவரும் வருந்துபவரும் அவர் ஒருவரே. பாபிலோனில் படையலின் மணத்தை முகர்ந்து பசித்த தெய்வங்கள் ஈக்களைப் போல மொய்த்தன. விவிலியத்தில் முகர்தல் மட்டும் எஞ்சி, பசி மறைந்துவிட்டது. அங்கே கதவைக் கீலிட்டு அடைத்தவன் ஏமாற்றப்பட்ட ஓடக்காரன். இங்கே கதவை அடைப்பவர் கடவுளே. காரணம் இரைச்சல் அன்று, மனித உள்ளத்தின் தீமையும் வன்முறையும். வெள்ளத்துக்குப் பிந்தைய கட்டளையோ அத்ரஹாசிஸின் முடிவை எடுத்து நேர் எதிராகத் திருப்பியது போல் உள்ளது: பலுகிப் பெருகி மண்ணுலகை நிரப்புமாறு நோவாவின் மக்களுக்குச் சொல்லப்படுகிறது. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திய இடத்தில், மனிதக் குருதியைச் சிந்துதல் தடை செய்யப்பட்டு, வானவில் உடன்படிக்கையின் அடையாளமாகிறது. ஒன்று நெரிசலுக்கு அஞ்சிய நகரத்தாரின் கதை. மற்றது அழிந்துபோவோமோ என்று அஞ்சிய சிறிய மக்களின் கதை.

நோவா வெள்ளக் கதை முழுவதிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. விவிலியத்தில் அவர் முதன்முதலாக வாய் திறப்பது பின்னாளில் தம் பேரன் கானானைச் சபிக்கும்போதுதான். குர்ஆனில் வரும் நூஹ் நபியோ 950 ஆண்டுகள் தம் மக்களிடையே வாழ்ந்து, இரவும் பகலும் அவர்களை அழைத்து எச்சரித்தவர். ஊராரை ஏமாற்றச் சொன்ன பாபிலோனியத் தெய்வத்திலிருந்து இக்கதை வந்துள்ள தொலைவு இதனால் விளங்கும். மேலும், தந்தையின் அழைப்பை மறுத்து மலையேறித் தப்பலாம் என்று எண்ணி அலையில் மூழ்கும் மகன் ஒருவன் குர்ஆனில் மட்டுமே வருகிறான். நம்பிக்கையின் முன் குருதியுறவும் காப்பாகாது என்பது அங்கே வலியுறுத்தப்படுகிறது. கப்பல் தங்கிய மலையும் விவிலியம் சொல்லும் அரராத்து அன்று, ஜூதி.

கிரேக்கத்தில் தியூகாலியனும் அவன் மனைவி பிர்ராவும் பெட்டி ஒன்றில் மிதந்து பர்னாசஸ் மலையில் ஒதுங்கி, கற்களைத் தோளுக்குப் பின்னே எறிந்து மனிதரை மீண்டும் உண்டாக்கினர். கல்லையும் மக்களையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் ஒலியொற்றுமையே இக்கதையின் உயிர். இதைவிடக் கருத்துக்குரியது, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பெரோசஸ் என்ற பாபிலோனியப் பூசகர் கிரேக்க மொழியில் எழுதிய வரலாறாகும். அதில் சிசுத்ரோஸ் என்னும் தலைவன், சுமேரியரின் சியுசுத்ரா என்ற பெயரே கிரேக்க நாவில் அவ்வாறாயிற்று, ஓடம் ஏறுமுன் எல்லா எழுத்துகளையும் சிப்பார் நகரில் புதைத்துவைக்குமாறு பணிக்கப்படுகிறான். கிரேக்கரின் ஆட்சிக்குட்பட்டுத் தன் பழமையின் மதிப்பை அவர்களுக்கு உணர்த்த விரும்பிய ஒரு பூசகருக்கு, வெள்ளத்திலிருந்து தப்பவேண்டிய முதற்பொருள் நூலாகவே தோன்றியிருக்கிறது.

சீனக் கதையில் ஓடமே இல்லை. பெருக்கெடுத்த நீரை அடக்க நியமிக்கப்பட்ட கூன், வானத்து வேந்தனிடமிருந்து தானே வளரும் மண்ணைத் திருடிவந்து கரை எழுப்பி ஒன்பது ஆண்டு முயன்று தோற்றுத் தண்டிக்கப்பட்டான். அவன் மகன் யூ, கரை கட்டுவதைக் கைவிட்டுக் கால்வாய்களை அகழ்ந்து நீரைக் கடலுக்கு வழிநடத்தி, பதின்மூன்று ஆண்டுகள் தன் வீட்டு வாயிலைக் கடந்தும் உள்ளே நுழையாமல் உழைத்து வென்று, சியா என்னும் அரசமரபின் முதல்வனானான். இங்கே யாரும் தண்டனையாக வெள்ளத்தை அனுப்பவில்லை. எவரும் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தப்பவும் இல்லை. நீர்மேலாண்மையே அரசுரிமையின் அடிப்படை என்று சொல்லும் ஆட்சியாளரின் கதை இது. மஞ்சளாற்றின் ஜிஷி மலையிடுக்கில் நிலச்சரிவு எழுப்பிய அணை கி.மு. 1920ஐ ஒட்டி உடைந்ததே இந்நினைவின் மூலம் என்று 2016இல் ஓர் ஆய்வு கூறியது. நிலவியலார் பலர் அதை மறுத்துள்ளனர்.

இந்தியாவில் இக்கதை முதலிற் காணப்படுவது சதபத பிராமணத்தில். வேள்விச் சடங்குகளை விளக்கும் அந்நூலில், காலையில் மனு கைகழுவும் நீரில் ஒரு சிறு மீன் அகப்பட்டு, மீனை மீன் தின்னும் உலகில் தான் வளரும்வரை தன்னைக் காக்குமாறு வேண்டி, பதிலுக்கு வரப்போகும் வெள்ளத்தை அறிவிக்கிறது. பானையிலும் குழியிலும் வளர்ந்து கடலில் விடப்பட்ட அம்மீனின் கொம்பில் ஓடத்தைக் கட்டிய மனு வடமலையை அடைகிறான். வெள்ளம் ஏன் வந்தது என்று அந்நூல் கேட்கவே இல்லை. தனித்து நின்ற மனு நெய், தயிர் முதலியவற்றை நீரில் படைக்க, ஓராண்டில் அப்படையலிலிருந்து இடை என்னும் பெண் தோன்றினாள். வேள்வியில் 'இடை' எனப்படும் பங்கு ஏன் அத்துணைச் சிறப்புடையது என்பதை விளக்கவே கதை முழுவதும் சொல்லப்படுகிறது. மகாபாரதத்தின் வனபருவத்தில் ஏழு முனிவரும் வித்துகளும் ஓடத்தில் ஏறிக்கொள்கின்றனர், மீன் பிரமனாகிறது. பின்வந்த புராணங்களில் அது திருமாலின் அவதாரம். பாகவதத்தில் கதைத்தலைவனாகிய சத்தியவிரதன் திராவிட நாட்டு அரசன். மீன் அவன் கையில் வந்த கிருதமாலை ஆற்றை வைகையென்று கொள்வது மரபு. அந்நூல் தென்னாட்டில் தோன்றியது என்ற கருத்துக்குத் துணைநிற்கும் குறிப்புகளுள் இதுவும் ஒன்று. இருக்கு வேதத்தில் மனு உண்டு, வெள்ளம் இல்லை என்பதால் கதை மேற்கிலிருந்து வந்ததென்பாரும், மீனும் கொம்பும் அங்கே இல்லை என்பதால் உள்நாட்டதே என்பாரும் இன்னும் வழக்காடுகின்றனர்.

அதே வைகைக் கரையின் தமிழ் மரபு பேசுவதோ கடல்கோள். நிலத்தைக் கடல் விழுங்குதல் என்னும் பொருளுடைய இச்சொல் மனிதகுல அழிவைக் குறிப்பதில்லை. ஒரு நாடு, ஒரு நகர், ஓர் ஆறு, ஒரு மலை இழக்கப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் வேலெறிந்த பகையைப் பொறாத கடல் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கொள்கிறது. அதற்கு ஈடாகப் பாண்டியன் வடக்கே நிலம் கொள்கிறான். கலித்தொகைப் பாட்டொன்றும் இவ்வகையில் அண்டை வேந்தரின் நிலத்தால் ஈடு செய்த பாண்டியனைப் போற்றுகிறது. தப்பிப் பிழைப்போர் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழுவது எல்லைக் கணக்கு. மணிமேகலையில் இந்திரவிழா எடுக்கத் தவறியதால் புகார் நகர் கடல்வாய்ப்படுகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் இறையனார் அகப்பொருள் உரையோ நிலத்தைவிட நூல்களுக்கே கவலைப்படுகிறது. 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் நிலைத்ததாக மூன்று சங்கங்களைக் கூறி, முதலிரண்டும் இருந்த மதுரையும் கபாடபுரமும் கடலுக்குப் போனதாகச் சொல்லும் அவ்வுரை, முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என இன்று பெயர் மட்டுமே எஞ்சிய நூல்களை வரிசைப்படுத்துகிறது. இடைச்சங்கத்தார்க்கு இலக்கணமாக இருந்த தொல்காப்பியமே, கபாடபுரம் மூழ்கியபின் கடைச்சங்கத்தார்க்கும் இலக்கணம் என்கிறது. அது எந்த ஓடத்தில் ஏறி இன்றைய மதுரைக் கரை சேர்ந்தது என்று மட்டும் உரையாசிரியர் சொல்லவில்லை.

(தொடரும்)